கனகசபாபதி குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு

"எதிரி, ஏரம்பு மகன் கனகசபாபதி, ஐம்பத்தாறு வயது, கரவெட்டி, தொழில் வாடகை மகிழுந்துச் சாரதி. மேற்படியார் மிதமிஞ்சிய மதுபோதையில், கட்டுக்கடங்காத வேகத்தில், வீதியில் செல்வோரின் உயிருக்குக் கேடு விளையும் வண்ணம் மகிழுந்தைச் செலுத்தி வந்ததுடன், தடுத்து நிறுத்தப்பட்டபோது நிலைதடுமாறியும், நாக்குழறியும், காவலரின் வினாவுக்கு விடையளிக்க இயலாதவராயும் காணப்பட்டார்."

இந்தக் குற்றப்பத்திரத்தில் பெயர், வயது, ஊர், தொழில் நான்கும் சரி. அந்த நான்கையும் தாண்டியதும் அது வேறு யாரையோ பற்றிப் பேசத் தொடங்குகிறது.

கனகசபாபதி தேநீர்கூடக் குடிப்பதில்லை. மல்லித் தண்ணீர்தான், அதையும் ஆறவைத்து. மச்சம் மாமிசம் தொடாதவர், அம்மன் கோயில் பரிபாலன சபையின் செயலாளர், ஆவணியில் கோயில் மண்டபத்தில் புராணம் படிக்கும்போது பாட்டுக்குப் பயன், அதாவது பொருள், சொல்பவர். பஞ்சமாபாதகங்களில் கள்ளுண்டலுக்கு அவர் சொல்லும் பயன் பொய் உட்பட மற்ற நான்குக்கும் சேர்த்துச் சொல்வதைவிட நீளமானது என்று கேட்டவர்கள் சொல்வார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் நேரே கள்ளுத் தவறணைக்குப் போகிறவர்கள் என்பது வேறு விஷயம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு பழைய சோமசெற் கார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் குடாநாட்டின் மற்ற எல்லாக் கார்களையும் போல அரசாங்கத்தின் பெற்றோல் தடையால் அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. அதன் பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் வெள்ளைப் புகைக்குள் மறைந்து, சிறிது நேரத்தில் காருக்கு முன்னால் வெளிப்படுவார்கள். குற்றப்பத்திரம் அதை மகிழுந்து என்கிறது. அப்போது குடாநாட்டை நடத்திய இயக்கத்தார் எல்லாவற்றுக்கும் நல்ல தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஏறிய எவரும் மூன்று வருடமாக மகிழ்ந்ததாகத் தகவல் இல்லை.

ஆனால் கடைசி வரி உண்மை. காவலர் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. ஊர் நம்ப மறுத்தது இதைத்தான். கனகசபாபதியிடம் நேரம் என்ன என்று கேட்டால் மணிக்கூடு வாங்கிய கதையும் வரும். கேளாவிட்டாலும் வரும், அதுவும் உண்மையாக வரும். ஒருமுறை கலியாணப் பேச்சுக்குப் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனவர், வழியில் மாப்பிள்ளை பரீட்சை தவறிய விஷயத்தைச் சொல்லிவிட்டார். கலியாணம் நின்றது. "கேட்டவை, சொன்னன்" என்றார். அவர்கள் கேட்டது இன்னும் எவ்வளவு தூரம் என்று. பொய் சொல்லாத மனிதர் என்று ஊர் அவரை மதித்தது. மதித்தபடியே முக்கியமான விஷயங்களை அவருக்குச் சொல்லாமல் விட்டது.

அவர் வாயில் சாராயம் மணத்ததும் உண்மை. அந்த மணம் எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

மண்ணெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. சூடான எஞ்சினை அது ஓட்டும், ஆறிய எஞ்சினை எழுப்பாது. எழுப்ப நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும். தடைக்குப் பிறகு அந்த நாலு சொட்டை மனிதர்கள் மருந்துக் குப்பியில் வைத்து, சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். கனகசபாபதியின் குப்பி வைகாசியோடு காலி. அவர் நெல்லியடியில் வின்சன்றிடம் போனார். வின்சன்ற் மெக்கானிக், நல்ல கைகாரன், நல்ல குடிகாரன்.

"அண்ணை, எரியிறது எல்லாம் எஞ்சினுக்குப் பெற்றோல்தான். கசிப்பு எரியும்."

"அந்தப் பேரைச் சொல்லாதை."

"பேரைச் சொல்லாட்டிலும் எரியும். ஆனால் ஊத்தினால் கீழை ஓடிப்போம். வாயிலை எடுத்துத் தூவானம் மாதிரி காபரேற்றருக்குள்ளை ஊத வேணும். ஊதிப்போட்டு உடனை முன்னாலை போய் எஞ்சினை எழுப்புற கம்பியைச் சுத்துங்கோ."

"நீ ஊதன்."

"நான் ஊதினால் பாதி எனக்குள்ளை போடும். கார் அரைவழியிலை நிண்டுபோம். நீங்கள் எண்டபடியால் முழுக்கக் காருக்குத்தான்."

குடாநாட்டில் கசிப்பை வாயில் எடுத்து விழுங்காமல் இருக்கக்கூடிய ஒருவரை வின்சன்ற் கண்டுபிடித்திருந்தான். அந்த ஒரு தகுதியால்தான் கனகசபாபதி மாட்டிக்கொண்டார்.

கசிப்பு வீட்டில் வடிக்கிற சாராயம். தவறணைக் கள்ளுக்கு அனுமதி இருந்தது, கசிப்புக்கு இல்லை. வடித்தவர், விற்றவர், வைத்திருந்தவர் எல்லோரும் உள்ளே போகவேண்டும். ஊரில் அதை வடித்தவள் மகாதேவி. கிளாலிக் கடல் தாண்டி வெளியூருக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். பனங்காணிக்குப் பின்னால் ஒரு கொட்டில். அவளுக்கு எதிராகப் பெட்டிசம் எழுதி, முதல் ஆளாகக் கையெழுத்தும் வைத்தவர் கனகசபாபதி. அதன் பேரில் வந்து பார்த்த காவலர்கள் பானைகளை உடைத்து, ஒருமுறை எச்சரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த முறைக்கு எச்சரிக்கை கிடையாது என்பது எச்சரிக்கையிலேயே இருந்தது.

பானைகள் உடைந்து ஒரு மாதம்போல் ஆகியிருக்கும். கனகசபாபதி மகாதேவியின் பின்வேலியில் ஒரு வெறும் பன்னீர்ப் போத்தலோடு நின்றார்.

"என்ன செயலாளர் அண்ணை, திரும்பவும் பெட்டிசமோ?"

"இல்லைப் பிள்ளை. கொஞ்சம் வேணும்."

மகாதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆருக்கு?"

"காருக்கு."

"என்னட்டை வாறவை ஒருத்தரும் தங்களுக்கெண்டு கேட்டதில்லை. ஒருத்தருக்குக் கால் நோ, ஒருத்தருக்குச் சளி, ஒருத்தருக்கு மாட்டுக்கு வயித்துக்குத்து. கார் எண்டு கேட்டது இண்டைக்குத்தான்."

"நான் பொய் சொல்லுறேல்லை."

"அதுவும் எல்லாரும் சொல்லுறதுதான்" என்றாள். போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு சோமசெற் ஓடியது. காலையில் ஒரு வாய் எடுத்து ஊதுவார். சிலசமயம் எஞ்சின் திருப்பி ஊதும். அப்படி ஒருநாள் வலப்பக்க மீசை கருகிப்போனது. மற்றப் பக்கத்தையும் அளவாக வெட்டிக்கொண்டார். ஊதி முடிந்ததும் கிணற்றடியில் வாய் கொப்பளித்து, நாக்கில் திருநீறு வைப்பார். கிணறு கிடைக்கிற இடங்களில்தான் இந்த ஒழுங்கு. நடுத்தெருவில் கார் நின்றால் திருநீறு மட்டும்.

அன்று நடுத்தெருவில்தான் நின்றது. குடலிறக்கம் முற்றிய ஒருவரை மந்திகை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. நல்ல மத்தியானம். கனகசபாபதி பொனற்றைத் திறந்து, போத்தலில் மிச்சமிருந்த கடைசி வாயையும் ஊதி, கம்பியைச் சுழற்றினார். எஞ்சின் எழும்பியது. ஏறி உட்கார்ந்து நாலு வேலி தாண்டியிருப்பார், பின்னால் மணிச் சத்தம் கேட்டது. சைக்கிளில் வந்த ஒரு காவலர் அவரை முந்திப்போய் முன்னால் குறுக்கே நிறுத்தினார். புகை கக்கிக்கொண்டு வரும் காரை ஓரமாக விடச் சொல்வதுதான் அவர் நோக்கம். குனிந்து யன்னலுக்குள் முகத்தை விட்டார். விட்ட முகத்தை வெளியே எடுத்தார்.

"இறங்குங்கோ ஐயா."

கனகசபாபதி இறங்கினார். மண்ணெண்ணெய்ப் புகையில் கண் இரண்டும் செவ்வரத்தம்பூச் சிவப்பு. கம்பி சுழற்றிச் சுழற்றி வலது முழங்கால் பிசகியிருந்ததால் நேராக நிற்க முடியவில்லை. கசிப்பின் காரத்தில் நாக்கு மரத்திருந்தது. "என்ன தம்பி" என்று கேட்டதே "என்ன தம்மி" என்று வந்தது.

"குடிச்சிருக்கிறியளோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய வாயிலிருந்து ஓர் உண்மை ஒருநாளும் தனியாக வந்ததில்லை. இல்லை என்றால், அப்போ மணம் ஏன் என்று வரும். ஏன் என்றால் எது, எது என்றால் எங்கே, எங்கே என்றால் பனங்காணிக்குப் பின்னால் உள்ள கொட்டில். அந்த வரிசை முழுவதும் அவருக்கு ஒரு கணத்தில் தெரிந்தது. திறந்த வாயை மூடினார். ஐம்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. காவலர் அதை விடையளிக்க இயலாத நிலை என்று எழுதிக்கொண்டார்.

காரின் முன்சீற்றில் வெறும் பன்னீர்ப் போத்தல் கிடந்தது. காவலர் அதைப் பார்த்தார். பன்னீர்ப் போத்தலை மணந்து பார்க்கிற பழக்கம் எந்த நாட்டுப் பொலிசுக்கும் இல்லை.

காரைக் கொண்டுபோய்விட்டார்கள். லைசென்சையும் வாங்கிவிட்டார்கள். குற்றம் உறுதியானால் இரண்டும் திரும்பாது என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து கனகசபாபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் உட்காருவார், எழுந்து படலைவரை போவார், படலையைத் திறந்து மூடிவிட்டு வந்து வேறு கதிரையில் உட்காருவார். சைக்கிளை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்து வேலியோரம் போய் நின்று காரைப் பார்ப்பார். அதை ஒரு புளிய மரத்தின் கீழ் விட்டிருந்தார்கள். பின்சீற்றில் ஒரு கோழி ஏறியிருந்தது. கோழியை விரட்டச் சொல்லிக் காவலாளியிடம் சொன்னார். மறுநாள் போனபோது கோழி முட்டையும் இட்டிருந்தது. முட்டை யாருக்குச் சேரும் என்று காவலாளி கேட்டான். கனகசபாபதி சைக்கிளைத் திருப்பினார். வானத்தில் பொம்பர் சுற்றியபோது எல்லோரும் பதுங்கு குழிக்குள் இறங்கினார்கள். அவர் மட்டும் குழிக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குழிக்குள் இருந்தவர்கள் அவரைப் பார்த்துப் பயந்தார்கள்.

கோயிலில் இருந்து இரண்டுபேர் வந்தார்கள். குடிக்கவில்லை என்று தங்களுக்குத் தெரியும் என்றார்கள். தெரிந்தாலும் வழக்கு முடியும்வரை இந்த முறை பயன் சொல்ல வேறு ஆளைப் பார்த்திருப்பதாகவும் சொன்னார்கள். போகும்போது ஒருவர் நின்று, "ஆனால் மணந்தது எண்டு சொல்லுகினம்" என்றார்.

வீட்டில் மனைவி ஞானாம்பிகை. அவரிடம் கனகசபாபதி எதையும் மறைக்கவில்லை, மறைக்கத் தெரியாது.

"அவளைச் சொல்லிப்போட்டு வாங்கோவன். இதிலை என்ன யோசனை?"

"சொன்னால் அவளை உள்ளை போடுவாங்கள்."

"நீங்கள்தானே உள்ளை போடச் சொல்லிப் பெட்டிசம் எழுதினீங்கள்?"

"அது அப்ப."

"அப்ப அவள் வடிச்சது கசிப்பு. இப்ப வடிக்கிறது என்ன, தீர்த்தமோ? அவளுக்காக நீங்கள் குடிகாரன் எண்டு பேரெடுக்கப் போறியளோ? மருமோன் வீட்டுக்காரர் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் எழுந்து படலைக்குப் போனார்.

இயக்கத்தின் நீதிமன்றத்தில் எதிரிக்காகக் கதைக்க ஒருவரை அழைத்துவர விட்டார்கள். கனகசபாபதி நீர்வேலிக்குப் போய், பழைய வழக்கறிஞரான பிறக்கிராசியார் சண்முகநாதனைப் பிடித்தார். அரசாங்கத்தின் பழைய நீதிமன்றங்கள் மூடியபின் சண்முகநாதன் வாழைத் தோட்டம் செய்துகொண்டிருந்தார். கறுப்புக் கோட்டைக் காகங்களுக்குப் பயங்காட்டத் தோட்டத்தில் தொங்கவிட்டிருந்தார் என்று சொல்வார்கள். அவரைக் கேட்டால், கோட்டுக்கு இப்போதுதான் ஒழுங்கான வேலை கிடைத்திருக்கிறது என்பார்.

"நீர் குடிச்சனீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப கஷ்டம். குடிச்சவனெண்டால் வெளியிலை எடுக்கிறது லேசு. குடிக்காதவன் நியாயம் கேப்பான்."

கனகசபாபதி முழுவதையும் சொன்னார். வின்சன்ற், பன்னீர்ப் போத்தல், மீசை, மகாதேவி, பெட்டிசம். பிறக்கிராசியார் வாழைப்பொத்தி ஒன்றைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

"நான் இந்த விஷயத்தைக் கேக்கேல்லை. நீரும் சொல்லேல்லை. போதை எண்டு நிரூபிக்க வேண்டியது அவங்கள். உமக்கு ஒரு வேலைதான். வாயைத் திறக்கப்படாது."

"கேட்டால்?"

"காது கேக்காது எண்டும்."

"எனக்குக் கேக்குதே ஐயா."

"ஐயோ, இதுக்குத்தான் சொல்லுறன் திறக்காதையும் எண்டு."

வழக்குக்கு முதல் நாள் மகாதேவி வந்தாள். படலைக்கு உள்ளே வரவில்லை. ஞானாம்பிகை அவளைக் கண்டதும் எழுந்து குசினிக்குள் போய்ச் சட்டிகளைச் சத்தமாகக் கழுவத் தொடங்கினார்.

"நாளைக்குச் சொல்லப் போறியளோ?"

"பிறக்கிராசியார் வாயைத் திறக்க வேண்டாம் எண்டவர்."

"உங்களாலை ஏலுமோ?"

கனகசபாபதி படலையின் கொழுவியைப் போட்டார், எடுத்தார்.

"நான் பொய் சொல்லுறேல்லை, பிள்ளை."

"தெரியும். பெட்டிசத்திலையும் ஒரு பொய் இல்லை. வாசிச்சுக் காட்டினவங்கள்." அவள் குரலில் கோபம் இல்லை. "மறையுங்கோ எண்டு கேக்க வரேல்லை. அங்கை சொல்லுறதெண்டால் எனக்கு இண்டைக்கே சொல்லிவிடுங்கோ. விடியப்பறம் பிள்ளையள் இரண்டையும் உடுப்பிட்டியிலை என்ரை அக்காட்டைக் கொண்டுபோய் விடவேணும். பிடிச்சுக்கொண்டு போற நேரம் அதுகள் பாக்கக்கூடாது."

அவர் கொழுவியைத் திரும்பவும் போட்டார். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப கொண்டுபோய் விடுறன்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

நீதிமன்றம் லண்டனுக்குப் போய்விட்ட யாரோ ஒருவரின் வீட்டு மண்டபத்தில் நடந்தது. நீதிபதி இருந்த இடத்துக்கு மேலே சுவரில் ஒரு வெளிறிய சதுரம் இருந்தது. வீட்டுக்காரரின் கலியாணப் படம் தொங்கிய இடம். நீதிபதி இளைஞர், கண்ணாடி போட்டவர். பொறுமையாகக் கேட்டார், அது எல்லோருக்கும் கலக்கமாக இருந்தது. விறாந்தையில் கோயில்காரர் இருவர், உள்ளே மர வாங்கில் ஞானாம்பிகை. கனகசபாபதி நின்ற இடத்திலேயே ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

பிறக்கிராசியார் எழுந்தார். கோட் இல்லை, வாழைக்கறை படிந்த வெள்ளைச் சேட்டுத்தான். ஆனால் குரல் பழைய குரல்.

"தம்பி, எதிரி கட்டுக்கடங்காத வேகத்திலை போனவர். நீங்கள் எதிலை துரத்திப் பிடிச்சியள்?"

"சைக்கிளிலை" என்றார் காவலர்.

"எழும்பி நிண்டு மிதிச்சியளோ?"

"இல்லை. இருந்துதான்."

"முன்காத்தோ, பின்காத்தோ?"

காவலர் யோசித்தார். நேர்மையான பெடியன். "முன்காத்து" என்றார்.

விறாந்தையில் யாரோ செருமினார்கள். முழங்காலைக் காட்டச் சொல்லிப் பிறக்கிராசியார் கேட்டார். கனகசபாபதி வேட்டியைச் சற்று உயர்த்தி வீங்கிய காலைக் காட்டினார். கண் சிவப்புக்கு, அந்தக் காரின் பின்னால் கொஞ்சத் தூரம் வந்த காவலரின் கண்ணும் சிவந்ததா என்று பிறக்கிராசியார் கேட்டார். சிவந்தது, அன்று பின்னேரம்வரை எரிந்தது என்று காவலர் ஒத்துக்கொண்டார்.

"அப்ப மிச்சம் மணம். எங்கை மணந்தது?"

"வாயிலை."

"வாயிலை மட்டுமோ?"

"பொனற்றடியிலையும் மணந்தது. வாயிலையும் பாக்க அங்கை கூட."

சண்முகநாதன் நீதிபதியின் பக்கம் திரும்பினார். இதற்காகத்தான் இரண்டு வருடமாக வாழைகளுக்கு நடுவே காத்திருந்தவர்போல் நிமிர்ந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, மணம்தான் போதைக்குச் சான்று எண்டால், முதலாம் எதிரி எஞ்சின். அதைத்தான் கூட்டிலை ஏத்த வேணும். என்ரை கட்சிக்காரர் இரண்டாம் எதிரிதான்."

வாதத்தை நிறுத்த நல்ல இடம். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், உட்கார்ந்தும்விட்டார். ஆனால் ஒரு வாதம் தேவைக்கு அதிகமாக வென்றால் என்ன நடக்கும் என்பதை நாற்பது வருடத் தொழில் அவருக்கு நினைவூட்டத் தவறிவிட்டது. நீதிபதி பேனையை மூடி வைத்தார்.

"எஞ்சினுக்குள்ளை அது எப்பிடிப் போனது?"

பிறக்கிராசியார் எழுந்தார்.

"அது குற்றச்சாட்டிலை இல்லை ஐயா."

"இல்லை. ஆனால் வாயிலையும் எஞ்சினிலையும் ஒரே மணம். வாயாலை எஞ்சினுக்குப் போயிருந்தால் அவர் குடிக்கேல்லை. தள்ளுபடி செய்யலாம். போகாட்டில் குடிச்சிருக்கிறார். அவர்தான் சொல்ல வேணும்." கனகசபாபதியின் பக்கம் திரும்பினார். "உங்களைப் பற்றி விசாரிச்சனான் ஐயா. பொய் சொல்லாத ஆள் எண்டு ஊரே சொல்லுது. நீங்கள் சொல்லுறதை நான் எடுக்கிறன். வாயிலை என்ன இருந்தது? எங்கை எடுத்தது?"

பிறக்கிராசியார் உதட்டில் விரல் வைக்காத குறை. ஞானாம்பிகை வாங்கின் விளிம்புக்கு வந்துவிட்டார். கனகசபாபதியின் கால்கள், பிடிபட்ட நாளிலிருந்து ஓரிடத்தில் நில்லாத அந்தக் கால்கள், நின்றன.

"பிராந்தி" என்றார்.

"பிராந்தியோ?"

"மகளின்ரை பிள்ளைப்பெறுவுக்கு வாங்கினது. பத்தியத்துக்கு முட்டையோடை குடுக்கிறவை, வழக்கம். மிச்சம் அலுமாரியிலை கிடந்தது. கொஞ்சத்தைப் பன்னீர்ப் போத்தலிலை ஊத்திக் காருக்குள்ளை வைச்சிருந்தனான். வாயிலை எடுத்துக் காபரேற்றருக்குள்ளை ஊதினால் எஞ்சின் எழும்பும். எழும்பேக்கை ஒருக்கால் திருப்பி ஊதிச்சுது, மீசை போட்டுது. பாருங்கோ, இந்தப் பக்கம் கருகினது, மற்றப் பக்கம் நான் வெட்டினது. விழுங்கேல்லை. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று கனகசபாபதி ஒரு பேச்சை முடித்ததை அந்த மண்டபத்தில் இருந்த எவரும் அதற்கு முன் கேட்டதில்லை. நீதிபதி மீசையைப் பார்த்தார். காவலரும் எட்டிப் பார்த்தார். பிறகு நீதிபதி வாங்கின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்கடை வீட்டிலை பிராந்தி இருந்ததோ?"

ஞானாம்பிகை எழுந்தார். கணவனைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார், அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஓம்" என்றார். "மருமோன் கொழும்பாலை கொண்டுவந்தவர், பாதை பூட்ட முந்தி. மகளுக்குப் பாதிதான் குடுத்தனாங்கள். அவளுக்கு ஓங்காளிச்சது."

"வெறும் போத்தல் இருக்கோ?"

"அதிலைதான் விளக்குக்கு மண்ணெண்ணெய் வைச்சிருக்கிறன். வேணுமெண்டால் ஊத்திப்போட்டுக் கொண்டுவாறன். ஆனால் மண்ணெண்ணெய்தான் மணக்கும்."

நீதிபதி சிரித்தார் என்று கோயில்காரர் ஒருவர் சொன்னார். இல்லை, கண்ணாடியைத் துடைத்தார் என்று மற்றவர் சொன்னார். எதுவானாலும், குற்றச்சாட்டு தள்ளுபடி, வாகனத்தையும் அனுமதிப்பத்திரத்தையும் திருப்பிக் கொடுக்கவும் என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்:

"பிராந்தி முடிஞ்சுதே. இனி எதாலை ஐயா எழுப்புவியள்?"

"தள்ளி" என்றார் கனகசபாபதி.

அப்படித்தான் அன்று கார் வீட்டுக்கு வந்தது. புளிய மரத்தடியிலிருந்து பிறக்கிராசியாரும் கோயில்காரர் இருவரும் தள்ளினார்கள். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் காவலரும் ஒரு கை கொடுத்தார். கோழி இறங்க மறுத்ததால் அதையும் சேர்த்துக் கொஞ்சத் தூரம் தள்ள வேண்டியிருந்தது. ஒருவழியாக எஞ்சின் எழும்பியது. ஞானாம்பிகை முன்சீற்றில் ஏறியிருந்தார். உடுப்பிட்டிப் பாதை பிரியும் இடத்தில் காரை நிறுத்துங்கோ என்று ஞானாம்பிகைதான் சொன்னார். நிறுத்தினால் திரும்ப எழும்பாது என்றார் கனகசபாபதி. எழும்பாட்டில் நான் தள்ளுறன், அந்தப் பிள்ளையள் இரண்டையும் ஏத்திக்கொண்டு போய்த் தாயிட்டை விடவேணும் என்றார் ஞானாம்பிகை.

மகாதேவி வடிப்பதை விடவில்லை. கனகசபாபதி பெட்டிசத்தைத் திரும்பப் பெறவும் இல்லை. ஆள் குடிக்கவில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதால் ஆவணிப் படிப்புக்கு அவரைப் பயன் சொல்லக் கூப்பிட்டார்கள். தன்னால் இனி ஏலாது என்றார். ஏன் என்று கேட்டார்கள். அவர் எழுந்து படலைவரை போய்விட்டுத் திரும்பி வந்தார், காரணம் சொல்லவில்லை. பழி சுமத்தி விலக்கிவைத்த கோபம் என்று கோயில்காரர் எடுத்துக்கொண்டார்கள். நல்ல மனிதருக்கு வருகிற கோபம் என்று அதையும் மதித்தார்கள்.

மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, பத்தியத்துக்கு ஒரு போத்தல் பிராந்தி வாங்கிவரட்டா என்று மருமகன் கேட்டது உண்மை. அது இந்தப் படலைக்குள் வரக்கூடாது என்று மறித்தவர் கனகசபாபதி. அந்த வீட்டில் ஒருநாளும் பிராந்தி இருந்ததில்லை. அவர் குடிக்கவில்லை, வேகமாகப் போகவில்லை, எவருடைய உயிருக்கும் கேடு செய்யவில்லை. நீதிமன்றத்தில் பொய் சொன்னார்.